யூவி டிடிஎஃப்: ஒரே தாளில் எடுத்த படம் ஒரு கோப்பையில் நிற்கிறது, இன்னொன்றில் ஏன் உரிகிறது?

ஹட்டன், நுவரெலியா, பண்டாரவளை என்று எந்த டவுனுக்குப் போனாலும் அன்பளிப்புக் கடைகளிலும் கொமியூனிகேஷன் கடைகளிலும் இப்போது யூவி டிடிஎஃப் சேவையைப் பார்க்கலாம். யூவி, அதாவது புறஊதா ஒளியில் இறுகும் மையால் படலத்தாளில் அச்சடித்த படத்தைச் சாமானுக்கு மாற்றும் முறை அது. மக், ஃபிளாஸ்க், கண்ணாடிப் போத்தல், தேயிலை டின் என்று எதைக் கொடுத்தாலும் பெயரோ படமோ போட்டு அங்கேயே கையில் தந்துவிடுகிறார்கள். சூடாக்குவதில்லை, காயவைப்பதில்லை. ஒரு தாளை ஒட்டி, தேய்த்து, உரிக்கிறார்கள். படம் மட்டும் சாமானில் நின்றுவிடுகிறது. தொட்டால் மேடு தட்டும், பளபளப்பும் இருக்கும்.

குழப்பம் பிறகுதான் வருகிறது. ஆசிரியர் தினத்துக்கு வாங்கிய மக்கில் பெயர் மாதக்கணக்கில் அப்படியே இருக்கிறது. பிள்ளையின் தண்ணீர்ப் போத்தலில் போட்ட பெயரோ ஒரு வாரத்தில் ஓரம் தூக்குகிறது. இத்தனைக்கும் இரண்டும் ஒரே கடையில், ஒரே தாளில் எடுத்தவை. கடைக்காரரைக் கேட்டால் "யூவி பிரின்ட், போகவே போகாது" என்பார். இதற்கிடையில் ஐரோப்பிய ஒன்றியம் 2025 செப்டம்பர் 1 முதல் ஜெல் நகப்பூச்சில் ஓர் இரசாயனத்தைத் தடை செய்த செய்தி வந்தது. அதுவும் யூவி விளக்கில் இறுகும் பொருள்தான் என்பதால், இந்தக் கோப்பையில் தேநீர் குடிக்கலாமா என்ற சந்தேகமும் சேர்ந்துகொண்டது.

இரண்டு கேள்விக்கும் விடை அந்தப் படலத்தின் அமைப்பில் இருக்கிறது. இறுகிய மை உறுதியானதுதான். படம் நிற்குமா உரியுமா என்று தீர்மானிப்பது மைக்கு அடியில் உள்ள பசை. கொழும்பு வெக்கையில் சொன்னபடி கேட்கிற அந்தப் பசை, மலையகத்துக் காலைக் குளிரில் அப்படிக் கேட்பதில்லை.

## பெயர்களைப் பிரித்துக்கொள்வோம்

கடைப் பலகையில் "மக் பிரின்டிங்" என்று ஒரே பெயர் இருந்தாலும் அதற்குள் வெவ்வேறு வேலைகள் அடங்கும்.

1. சப்ளிமேஷன். விசேட மையில் தாளில் அச்சடித்து, அதைக் கோப்பையைச் சுற்றிக் கட்டி, 180 முதல் 200 பாகை செல்சியஸ் வரை சூடாக்குவார்கள். மை ஆவியாகி, கோப்பையில் ஏற்கெனவே பூசியிருக்கும் பொலியெஸ்டர் பூச்சுக்குள் இறங்கிவிடும். விரலில் மேடு தட்டாது, நகத்தால் சுரண்டினாலும் வராது. ஆனால் அந்தப் பூச்சு இல்லாத சாமானில் இது நடக்காது. இதில் வெள்ளை மை இல்லாததால் கறுப்பு ஃபிளாஸ்க்குக்கும் சரிவராது.

2. நேரடி யூவி அச்சு. சாமானையே இயந்திரத்துக்குள் வைப்பார்கள். மை நேரே அதன் மேல் விழ, பக்கத்திலேயே ஓடும் யூவி விளக்கு உடனே இறுக்கிவிடும். தட்டையான பொருளுக்கு அருமை. உருண்ட போத்தலுக்கு அதைச் சுழற்றும் கருவி தனியாக வேண்டும்.

3. டிடிஎஃப். இது துணிக்கு. படலத்தில் அச்சடித்து, பசைத் தூள் தூவி உருக்கி, சூடான அழுத்தியால் டீ சேர்ட்டில் பதிப்பார்கள். யூவிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

4. யூவி டிடிஎஃப். நேரடி யூவி அச்சில் பயன்படும் அதே வகை மையைச் சாமானில் அடிக்காமல் பசை பூசிய படலத்தில் அடித்து, பிறகு கையால் சாமானுக்கு மாற்றுவது.

மூன்றாவதும் நான்காவதும் பெயரில் பாதி ஒன்றாக இருப்பதால்தான் பாதிக் குழப்பம். யூவி டிடிஎஃப் படத்தைத் தொப்பியிலும் பையிலும் ஒட்டித் தரச் சொல்லி வருபவர்கள் உண்டு. இறுகிய யூவி மை துணியோடு சேர்ந்து மடியாது, வெடிக்கும். கடினமான மேற்பரப்புக்கென்றே அமைந்த முறை இது.

கையிலிருக்கும் மக் எந்த வகை என்று தெரியாவிட்டால் படத்தின் ஓரத்தை விரலால் தடவிப் பாருங்கள். மேடு இல்லாவிட்டால் அநேகமாகச் சப்ளிமேஷன். மேடு இருந்தால் நேரடி யூவி அல்லது யூவி டிடிஎஃப். தடவிப் பார்த்து இந்த இரண்டையும் பிரித்தறிவது கஷ்டம், கடையில் கேட்டுக்கொள்ள வேண்டியதுதான்.

## படலத்துக்குள் என்ன இருக்கிறது

தொழிலில் இருப்பவர்கள் "ஏ படலம்", "பி படலம்" என்று சொல்வார்கள். வேலை நடக்கும் ஒழுங்கு இப்படி:

1. ஏ படலம் கீழே இருக்கும். வழுவழுப்பான தாங்கு தாளும் அதன் மேல் மெல்லிய பசையும் சேர்ந்தது அது. அச்சுப் பொறிக்குள் போவது இதுதான்.

2. பசையின் மேல் முதலில் வெள்ளை மை விழும். கறுப்பு ஃபிளாஸ்க்கிலும் கண்ணாடியிலும் நிறங்கள் மங்காமல் தெரிய இந்த வெள்ளை அடித்தளம் வேண்டும்.

3. வெள்ளையின் மேல் நிற மைகள், அவற்றின் மேல் வார்னிஷ். ஒவ்வொன்றும் விழுந்த கையோடு விளக்கில் இறுகும். பளபளப்பும் கீறலைத் தாங்கும் வலுவும் வார்னிஷால் வருவன.

4. கடைசியில் பி படலத்தை மேலே வைத்து உருளைகளுக்கிடையில் மிதமான சூட்டில் அழுத்துவார்கள். படத்தைத் தூக்கிச் செல்லும் கை இதுதான். இந்த நிலையில் தாள் விற்பனைக்குத் தயார்.

5. ஒட்டும்போது ஏ படலத்தின் தாங்கு தாளை உரித்தால் அடியில் பசையோடு படம் பி படலத்தில் தொங்கும். சாமானில் வைத்து, பிளாஸ்டிக் அட்டையால் நடுவிலிருந்து ஓரத்துக்குத் தேய்த்து, பி படலத்தை மெல்ல உரிப்பார்கள். நேரே மேலே இழுக்காமல், மடித்துப் பின்னோக்கி இழுக்க வேண்டும்.

ஆக, சாமானில் கடைசியில் இருப்பது பசை, வெள்ளை, நிறம், வார்னிஷ் மட்டுமே. சாதாரண ஸ்டிக்கரில் படத்தைச் சுமக்கும் பிளாஸ்டிக் தாள் ஒன்று இருக்கும். இதில் அது இல்லாததால்தான் எழுத்துகளுக்கிடையில் சாமானின் சொந்த நிறமே தெரிகிறது, நேரே அச்சடித்தது போன்ற தோற்றம் கிடைக்கிறது. தோற்றம் என்னவோ அச்சுத்தான். குணத்தில் இது ஸ்டிக்கர். விலை பேசும்போதும், உத்தரவாதம் கேட்கும்போதும், கழுவும்போதும் அப்படியே நினைத்துக்கொள்வது நல்லது.

படலத்தின் தரம் தெரிவது விளிம்பில். மை விழாத இடத்துப் பசை ஏ படலத்திலேயே தங்கிவிட வேண்டும். மட்டமான படலத்தில் எழுத்தைச் சுற்றி மயிரிழை அளவு பசை மிஞ்சி வரும். முதல் நாளில் தெரியாது. சில நாட்களில் தூசி பிடித்து, பெயரைச் சுற்றிச் சாம்பல் கோடு போட்டதுபோல் ஆகிவிடும்.

தமிழில் பெயர் போடுவதில் ஒரு தனிச் சிக்கலும் உண்டு. மெய்யெழுத்தின் புள்ளி எழுத்தோடு ஒட்டாமல் தனியாக நிற்பது. சிறிய எழுத்தில் அந்தப் புள்ளிக்கு அடியில் இருக்கும் பசை ஊசிமுனை அளவுதான். பி படலத்தை உரிக்கும்போது புள்ளி சாமானில் நிற்காமல் படலத்தோடேயே போய்விடும், அல்லது இரண்டு முறை கழுவியதும் உதிரும். "செல்வம்" என்று போட்ட மக் "செலவம" என்று நிற்கும். இதைத் தவிர்க்கத் தடித்த எழுத்துருவை எடுக்க வேண்டும், புள்ளியைக் கொஞ்சம் பெருப்பிக்க வேண்டும். எழுத்தைச் சுற்றி வெள்ளை வரம்பு ஒன்று போட்டுப் புள்ளியையும் அதற்குள் அடக்குவது இன்னும் பாதுகாப்பு. பெயரை பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் அடித்து அனுப்பினால் எழுத்துருவையும் சேர்த்து அனுப்புங்கள், அல்லது படமாக மாற்றி அனுப்புங்கள். எழுத்துரு இல்லாத கணினியில் அது வெறும் ஆங்கில எழுத்துக் குவியலாகத் திறக்கும். தமிழ் தெரியாதவர் அதையே அச்சடித்து அனுப்பவும் கூடும்.

## ஒளியில் மை எப்படி இறுகுகிறது

சாதாரண மையில் நீரோ கரைப்பானோ ஆவியாகிப் போக, நிறம் மிஞ்சும். யூவி மையில் ஆவியாக அநேகமாக எதுவுமில்லை. அதில் இருப்பவை திரவ நிலையிலுள்ள சிறு மூலக்கூறுகள், நிறத்துகள்கள், அப்புறம் ஒளிதொடக்கி என்ற ஒரு சேர்மம். இன்றைய இயந்திரங்களில் பெரும்பாலும் 395 நனோமீற்றர் அலைநீளத்தில் ஒளிவீசும் எல்ஈடி விளக்குகள் இருக்கும். அந்த ஒளி பட்டதும் ஒளிதொடக்கி உடைந்து, சிறு மூலக்கூறுகளை ஒன்றோடொன்று கோக்கத் தொடங்கும். நொடிப்பொழுதில் திரவம் பிளாஸ்டிக் வலையாக மாறிவிடும். மை காய்கிறது என்று பேச்சுக்குச் சொன்னாலும், நடப்பது இறுகுதல்.

இதிலிருந்து இரண்டு விஷயங்கள் புரியும். ஒன்று, இறுகிய பிறகு கோப்பையில் யூவி எதுவும் தங்கியிருக்காது. விளக்கு அணைந்ததும் ஒளி போய்விட்டது, கதிர்வீச்சு பற்றிய பயம் தேவையில்லை. இரண்டு, இறுகுதல் முழுமையாக நடந்ததா என்பதுதான் உண்மையான கேள்வி. விளக்கு பழசாகி வலுவிழந்தாலும், வேகத்துக்காக இயந்திரத்தை ஓட்டித் தள்ளினாலும், மை தடித்து விழுந்தாலும் அடியில் அரைகுறையாக இறுகிய மை மிஞ்சும். வெள்ளை மையில் இந்த ஆபத்து அதிகம். அதிலுள்ள டைட்டேனியம் டையொக்சைட்டு யூவி ஒளியைத் தானே விழுங்கி, கீழே போகவிடாது. புதுப்படம் பிசுபிசுத்தாலும், மூக்கைத் துளைக்கும் மை வாடை அடித்தாலும் அந்தத் தாளைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

## பசை எதைப் பிடிக்கும், எதைப் பிடிக்காது

படலத்திலுள்ளது அழுத்தினால் ஒட்டும் பசை. அது மேற்பரப்பு முழுவதும் பரவி, நுண்ணிய மேடுபள்ளங்களுக்குள் இறங்கினால்தான் பிடிக்கும். பரவுமா என்பது மேற்பரப்பின் ஈர்ப்பைப் பொறுத்தது. இதை மேற்பரப்பு ஆற்றல் என்பார்கள், டைன் என்ற அலகில் அளப்பார்கள். கண்ணாடிக்கும் உலோகத்துக்கும் இது பல நூறு. பொலிஎத்திலீனும் பொலிப்ரொப்பிலீனும் 30ஐ ஒட்டி நிற்கும். சிலிக்கோன் அதற்கும் கீழே.

1. கண்ணாடி, மெருகிட்ட பீங்கான், வழுவழுப்பான துருப்பிடிக்காத உருக்கு, அக்ரிலிக்: நன்றாகப் பிடிக்கும்.

2. பெயின்ட் அடித்த ஃபிளாஸ்க், தேயிலை டின்: மேற்பூச்சைப் பொறுத்தது. மணல் தொட்டதுபோல் சொரசொரப்பான பவுடர் பூச்சில் பசை மேடுகளில் மட்டும் ஒட்டும், பள்ளங்களில் காற்று நிற்கும்.

3. மெருகிடாத மரம், மண் சாமான்: தூசியும் துளையும் பகை. முதலில் வார்னிஷ் போட்டு மூட வேண்டும்.

4. பிள்ளைகளின் பிளாஸ்டிக் போத்தல், லன்ச் பொக்ஸ்: அடியைத் திருப்பி முக்கோணக் குறிக்குள் இருக்கும் எண்ணைப் பாருங்கள். 5 என்றால் பொலிப்ரொப்பிலீன், 2 என்றால் அடர் பொலிஎத்திலீன். இரண்டிலும் படம் நிற்பது சந்தேகம். 1 என்றால் பெற், பரவாயில்லை.

முன்னே சொன்ன மக்குக்கும் தண்ணீர்ப் போத்தலுக்கும் உள்ள வித்தியாசத்தில் பெரும்பங்கு இந்த நாலாவது வரியில் இருக்கிறது. கடைக்காரர் ஏமாற்றியிருக்க வேண்டும் என்றில்லை. போத்தலைத் திருப்பிப் பார்க்காமல் ஒட்டியிருப்பார்.

எண் இல்லாத சாமானுக்கு இலகுவான சோதனை ஒன்று இருக்கிறது. நன்றாகக் கழுவிவிட்டு மேலே தண்ணீர் ஊற்றுங்கள். தண்ணீர் விரிப்பாகப் பரவி நின்றால் பசையும் பரவும். திவலை திவலையாக உருண்டு ஓடினால் ஒன்றில் எண்ணெய்ப் பிசுக்கு இன்னும் போகவில்லை, அல்லது அந்தப் பிளாஸ்டிக்குக்கு ஒட்டும் குணமே இல்லை.

வளைவும் கணக்கில் வரும். ஒரு பக்கம் மட்டும் வளைந்த உருளையில் தாள் சுருங்காமல் சுற்றும். குடத்தின் வயிறு, பந்து போன்ற இரு பக்க வளைவில் பெரிய படம் கட்டாயம் மடிப்பு விழும். அங்கே சிறு சிறு துண்டுகளாக ஒட்டுவதே வழி.

## மலையகக் குளிரில் என்ன நடக்கிறது

படலத்தைப் பற்றிச் சொல்லித்தரும் காணொளிகள் பெரும்பாலும் 25 பாகைக்கு மேற்பட்ட அறையில் எடுத்தவை. நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. சராசரி வெப்பநிலை 16 பாகையை ஒட்டியது. ஜனவரி, பெப்ரவரி விடியற்காலைகளில் புல்லில் உறைபனியே படியும். இந்த வித்தியாசம் இரண்டு வழியில் பசையைக் கெடுக்கிறது.

முதலாவது, பசையின் இறுக்கம். குளிர்காலக் காலையில் போத்தலுக்குள் கட்டியாகிக் கிடக்கும் தேங்காயெண்ணெயைச் சாய்த்துப் பார்த்தவருக்கு இதை விளக்கவே தேவையில்லை. பசையும் குளிரில் விறைக்கும். பரவாது, பள்ளங்களுக்குள் இறங்காது. எவ்வளவு தேய்த்தாலும் மேலோட்டமாகவே தொட்டு நிற்கும். இந்த இனத்து அக்ரிலிக் பசை நாடாக்களை 21 முதல் 38 பாகைக்குள் ஒட்டுவது உத்தமம், 10 பாகைக்குக் கீழே ஒட்டவே கூடாது என்பது பொதுவான தொழில் அறிவுரை. நுவரெலியாவில் கடையைத் திறக்கும் நேரம் இந்த இரண்டு எல்லைகளுக்கும் நடுவே, கீழ்ப்பக்கத்தில் விழுகிறது. அதாவது ஒட்டும், ஆனால் ஒட்டியது போதாது.

இரண்டாவது, கண்ணுக்குத் தெரியாத பனி. இரவு முழுக்கக் கடையின் பின்னறையில் கிடந்த உருக்கு ஃபிளாஸ்க் 14 பாகையில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதை எடுத்துவந்து ஆட்கள் நிறைந்து 20 பாகைக்கு வந்துவிட்ட முன்னறையில் வைக்கிறார்கள். வெளியே தூறல், அறையின் ஈரப்பதன் 80 வீதம். அந்தக் காற்றில் 16.4 பாகைக்குக் குறைந்த எந்தப் பொருளின் மேலும் ஈரம் படியும். 14 பாகை ஃபிளாஸ்க்கின் மேல் படியாமல் இருக்குமா? வாயால் ஊதினால் கண்ணாடி மங்குமே, அதைவிட மெல்லிய படலமாக அது இருக்கும். பெயின்ட் அடித்த ஃபிளாஸ்க்கில் கண்ணுக்கே தெரியாது. பசை ஒட்டுவது அந்த நீரின் மேல். உரிக்கும்போது படம் சரியாக நின்றதுபோலவே இருக்கும். மூன்றாம் நாள் ஓரம் தூக்கும்.

இன்னுமொன்றைச் சேர்க்க வேண்டும். துடைப்பதற்கு ஐசோப்ரோப்பைல் அற்ககோலைப் பயன்படுத்துவது சரியான பழக்கம்தான். ஆனால் அற்ககோல் ஆவியாகும்போது மேற்பரப்பை மேலும் குளிர்விக்கும். ஈரக் காற்றில் துடைத்த உடனே ஒட்டுவது, பனியை நாமே கூப்பிட்டு உட்காரவைப்பதற்குச் சமம். நீர்கொழும்புக் கடைக்கு "துடை, ஒட்டு" போதும். நானுஓயாக் கடைக்கு நடுவில் ஒரு படி வேண்டும்.

ஆகவே மேட்டுநிலத்தில் ஒழுங்கு இப்படி இருக்கட்டும்:

1. சாமானையும் தாளையும் முந்தின நாளே, ஒட்டும் அறையிலேயே எடுத்து வையுங்கள். எல்லாம் ஒரே வெப்பநிலைக்கு வரட்டும்.

2. சோப்பு நீரில் கழுவி, உலர்த்தி, அற்ககோலால் துடையுங்கள். வெறுங்கையால் மறுபடி தொடாதீர்கள்.

3. தலைமுடி உலர்த்தியால் சாமானைக் கை பொறுக்கும் இளஞ்சூட்டுக்குக் கொண்டுவாருங்கள். மேலதிகமாகத் தேவைப்படும் படி இதுதான். வேறு எதை விட்டாலும் இதை விடாதீர்கள்.

4. ஒட்டி, உரித்த பிறகு, இன்னொரு முறை இலேசாகச் சூடுகாட்டி, மெல்லிய துணியால் ஓரங்களை அழுத்துங்கள்.

5. தண்ணீர் படவிடாமல் வையுங்கள். அறை வெப்பநிலையில் இத்தகைய பசை 20 நிமிடத்தில் பாதி வலுவையும், 24 மணி நேரத்தில் 90 வீதத்தையும், 72 மணி நேரத்தில் முழு வலுவையும் அடையும் என்பது பசை நாடாக்களுக்குச் சொல்லப்படும் கணக்கு. குளிரில் இது இன்னும் நீளும்.

ஐந்தாவது படிதான் வியாபாரத்தில் இடிக்கும். வாடிக்கையாளர் பஸ்ஸுக்கு நிற்கிறார், வாங்கியதும் வீட்டில் தேநீர் ஊற்றிப் பார்ப்பார். "மூன்று நாளைக்குக் கழுவாதீர்கள்" என்று ஒரு துண்டுச் சீட்டைப் பெட்டிக்குள் போடும் கடைக்குப் பாதி முறைப்பாடு குறையும்.

அச்சுப் பொறி வைத்திருப்பவர்களுக்கும் குளிர் சும்மா விடாது. மை தடித்து, ஊசித் துளைகளில் சரியாகப் பாயாது. வெள்ளை மையின் கனமான துகள்கள் அடியில் படிந்துவிடுவதால், சில நாள் ஓட்டாமல் விட்டாலே மை பாயும் அச்சுத் தலை அடைக்கும். மூடாத அச்சுத் தலைக்கு ஜன்னல் வெளிச்சமும் ஆகாது. யூவியில் இறுகும் மைக்குச் சூரியனும் ஒரு விளக்குத்தானே.

## தேநீரின் சூடு, கழுவும் பஞ்சு, மலை வெயில்

உயரம் கூடக்கூட நீர் கொதிக்கும் வெப்பநிலை குறையும். நுவரெலியாவில் அது 94 பாகையை ஒட்டியது. அதனால் ஒன்றும் தப்பிவிட முடியாது, பசையை இளக்க அது தாராளம். தடித்த பீங்கான் மக்கில் வெளிச்சுவர் அவ்வளவு சூடேறாது, படம் தாங்கும். ஒற்றைச் சுவர் உருக்கு டம்ளரில் சூடு நேரே பசைக்கு வரும். இரட்டைச் சுவர் ஃபிளாஸ்க்தான் இதற்கு மிகப் பொருத்தமான சாமான், வெளிச்சுவர் குளிர்ந்தே இருக்கும். மைக்ரோவேவிலும் பாத்திரம் கழுவும் இயந்திரத்திலும் வைக்க வேண்டாம்.

கையால் கழுவும்போது படத்தைக் கெடுப்பது தேய்ப்பதைவிட ஊறவைப்பதுதான். நீர் ஓரத்தால் பசைக்குள் புகும். உருக்குக் கம்பிப் பஞ்சு பட்டால் வார்னிஷ் கீறி, பிறகு நிறமும் போகும். மென்மையான பஞ்சும் சோப்பும் போதும்.

வெயிலைப் பற்றி மலையகத்தில் ஒரு தவறான நிம்மதி உண்டு: "இங்கே என்ன வெயில்?" வெப்பம் குறைவு என்பது உண்மை, யூவி குறைவு என்பது உண்மையில்லை. உயரம் 1,000 மீற்றர் கூடும்போது யூவி சுமார் 10 வீதம் கூடும், மெல்லிய முகிலும் அதைப் பெரிதாகத் தடுக்காது. கண்ணாடிக் கதவுக்குப் பக்கத்தில் காட்சிக்கு வைத்த ஃபிளாஸ்க் மாதக்கணக்கில் நிறம் மங்கினால் காரணம் அதுதான். கடைக்கு வெளியே மாட்டும் பெயர்ப்பலகைக்கு இந்தப் படலத்தை நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

## வாய் படும் இடமும் ஐரோப்பியச் செய்தியும்

ஐரோப்பா தடை செய்த சேர்மம் டிபிஓ எனப்படும் ஒளிதொடக்கி. மேலே சொன்ன இறுகுதலைத் தொடங்கிவைக்கும் சேர்மங்களில் அதுவும் ஒன்று. இனப்பெருக்கத்துக்குத் தீங்கு செய்யக்கூடியது என்று வகைப்படுத்தப்பட்டதால், அழகுசாதனப் பொருள்களில் அது விலக்கப்பட்டது. நகப்பூச்சுப் பற்றிய அந்தத் தடை கோப்பைகளைப் பற்றியதல்ல. ஆனால் எல்ஈடி விளக்கில் இறுகும் மைகளிலும் டிபிஓ பரவலாகப் பயன்படுகிறது என்பதால் சந்தேகம் ஆதாரமில்லாததும் அல்ல.

ஒளிதொடக்கிகள் உணவுக்குள் போன அனுபவம் ஏற்கெனவே இருக்கிறது. 2005இல் இத்தாலியில், பெட்டியின் வெளிப்பக்க அச்சு மையிலிருந்த ஐடிஎக்ஸ் என்ற ஒளிதொடக்கி குழந்தைப் பாலில் கலந்தது தெரியவந்து, பால் பெட்டிகள் கைப்பற்றப்பட்டன. 2009இல் காலை உணவுத் தானியங்களில் 4-மீதைல்பென்சோபீனோன் என்ற இன்னோர் ஒளிதொடக்கி கண்டுபிடிக்கப்பட்டது, அதுவும் அட்டைப் பெட்டியின் மையிலிருந்து வந்தது. இரண்டிலும் மை உணவை நேரே தொடவில்லை. அட்டையை ஊடுருவியும், அச்சான பக்கம் சுருளில் மறுபக்கத்தைத் தொட்டும் போயிருக்கிறது.

கோப்பைக்கு இதைப் பொருத்திப் பார்த்தால்:

1. கண்ணாடி, பீங்கான், உலோகச் சுவரை இந்தச் சேர்மங்கள் ஊடுருவ முடியாது. வெளிப்புறத்தில், வாய் படாத இடத்தில் உள்ள படத்தால் உள்ளே இருக்கும் தேநீருக்கு ஒன்றுமில்லை.

2. விளிம்பு வேறு. கண்ணாடிக் கோப்பைகளின் அலங்காரத்தைச் சோதிக்கும் முறைகளில் விளிம்பிலிருந்து 20 மில்லிமீற்றர் வரை வாய் படும் பகுதியாகக் கணக்கெடுப்பார்கள். அந்த இடத்தை வெறுமையாக விடுங்கள்.

3. தட்டின் உட்பக்கம், கோப்பையின் உட்பக்கம், வெட்டுப் பலகை: வேண்டவே வேண்டாம்.

4. மெல்லிய பிளாஸ்டிக் டப்பாவுக்குக் கண்ணாடியின் பாதுகாப்பு இல்லை. எண்ணெய்ப் பலகாரம் நீண்ட நாள் வைக்கும் டப்பாவில் பெயரை மூடியில் போடுங்கள்.

5. எதையும் வாயில் வைக்கும் வயதுப் பிள்ளையின் போத்தலில் இந்தப் படம் தேவையில்லை. உதிரும் துண்டு நேரே வாய்க்குப் போகும்.

வாங்குபவரைவிட அதிகம் கவனிக்க வேண்டியவர் அச்சடிப்பவர். இறுகாத மை தோலில் பட்டுப் பட்டு ஒவ்வாமை வந்துவிட்டால், பிறகு சிறு துளி பட்டாலும் அரிக்கும். நைட்ரைல் கையுறை, திறந்த ஜன்னல், விளக்கை நேரே பார்க்காமல் இருப்பது, இவை மூன்றும் அடிப்படை. குளிருக்குப் பயந்து எல்லா ஜன்னலையும் பூட்டிக்கொண்டு சிறிய அறையில் இயந்திரம் ஓட்டுவது மலையகத்தில் எளிதில் வந்துவிடும் பழக்கம். மிஞ்சிய மையைப் பீலியிலோ கானிலோ ஊற்றக் கூடாது. வெயிலில் வைத்து இறுக்கிய பிறகே குப்பைக்குப் போக வேண்டும்.

## வீட்டுத் தொழிலாகச் செய்யலாமா

இந்த முறையின் பெரிய வசதி, இயந்திரம் ஓர் ஊரிலும் ஒட்டும் வேலை இன்னோர் ஊரிலும் இருக்கலாம் என்பது. கண்டியிலோ கொழும்பிலோ அச்சடித்த தாளைக் கூரியரில் வரவழைத்து, லயத்து வீட்டு மேசையிலேயே ஒட்டி விற்கலாம். தேவை ஒரு பிளாஸ்டிக் அட்டை, அற்ககோல், தலைமுடி உலர்த்தி.

தாளுக்குத்தான் காசு, படத்துக்கு இல்லை. ஆகவே ஒரு ஏ3 தாளில் எத்தனை படத்தை நெருக்கி அடுக்குகிறோம் என்பதில் இலாபம் இருக்கிறது. 297க்கு 420 மில்லிமீற்றர் தாளில், 5 சென்ரிமீற்றர் சதுரப் படங்களை இடையில் அரை சென்ரிமீற்றர் விட்டு அடுக்கினால் 35 வரும். இருபது தேயிலை டின்னுக்கு ஒரே இலச்சினை, பரிசளிப்பு விழாவுக்கு முப்பது வெவ்வேறு பெயர் என்றால் இதைவிட மலிவான வழி இல்லை. ஒரே படத்தை ஆயிரம் டின்னில் போட வேண்டியவர் ஸ்கிரீன் பிரின்டிங் பக்கம் போகட்டும். அங்கே ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு திரைச் சட்டம் செய்யும் செலவு முதலில் வந்தாலும் எண்ணிக்கை கூடக்கூட டின்னுக்கு விழும் செலவு இறங்கும், கையால் ஒட்டும் நேரமும் மிச்சம்.

என்ன படம் போடுகிறோம் என்பதற்கும் எல்லை உண்டு. சுற்றுலாப் பயணிகளுக்கு விற்கும் தேயிலை டின்னில் வாள் ஏந்திய சிங்கத்தைப் போட்டுத் தரச் சொல்லிக் கேட்பார்கள். அந்தச் சிங்க இலச்சினை இலங்கைத் தேயிலைச் சபைக்குச் சொந்தமானது. இலங்கையிலேயே பொதி செய்த, நூறு வீதம் இலங்கைத் தேயிலைக்கு, சபையின் அனுமதியோடுதான் பயன்படுத்தலாம். நல்ல தேயிலைதான் உள்ளே இருக்கிறது என்பது அனுமதி ஆகாது. காட்டூன் பாத்திரங்கள், கிரிக்கெட் அணிச் சின்னங்கள், வேறு நிறுவனங்களின் இலச்சினைகள் எல்லாம் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்துக்குள் வரும். வாடிக்கையாளர் கொண்டுவந்த படம் என்பதால் அச்சடித்து விற்பவர் தப்பிவிட முடியாது.

## ஒட்டியதை எடுக்க வேண்டுமென்றால்

பெயர் பிழைத்தாலும், ஓரம் தூக்கிப் பார்க்க அசிங்கமாக இருந்தாலும் சாமானை எறியத் தேவையில்லை. தலைமுடி உலர்த்தியால் சூடாக்கினால் பசை இளகும். ஓரத்தை நகத்தால் தூக்கி மெல்ல இழுத்தால் பெரிய துண்டுகளாக வரும். மிஞ்சும் பசையை அற்ககோல் நனைத்த துணியால் உருட்டி எடுக்கலாம். கண்ணாடியிலும் உருக்கிலும் தடயம் இருக்காது. பெயின்ட் அடித்த டின்னில் மட்டும் பெயின்டும் கூடவே வரக்கூடும், முதலில் அடிப்பக்கத்தில் ஒரு மூலையில் செய்து பாருங்கள். தூக்கிய ஓரத்தைச் சுப்பர் குளூ வைத்து ஒட்டப் பார்க்க வேண்டாம். அது வெள்ளையாகப் பூத்து நிற்கும், பிறகு படத்தை முழுதாக எடுக்கவும் முடியாது.